நிலத்தடி நீரின் ஏற்புரை

நிலத்தடி நீர் நல வாரியத்துக்கு மற்ற துறைகளுக்கு இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. சாலை போடுகிறவர்கள் பாவம், குழி விழுந்தால் அதில் விழுந்தவனே எழுந்து வந்து சொல்லிவிடுவான். பாலம் கட்டுகிறவர்கள் அதைவிடப் பாவம். நிலத்தடி நீரோ நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் நலமாகத்தான் தெரியும். வாரியத்தின் பெயரிலேயே அதனால்தான் நலம் வைத்திருக்கிறோம் என்று தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். எல்லோரும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பில் கடைசியாக வந்து சேர்கிற குரல் உதவி ஆய்வாளருடையது. அலுவலகத்தில் அவனை ‘பாட்டில்’ என்பார்கள். ஊரெல்லாம் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்து, பாட்டிலில் அடைத்து, ஆய்வகத்தில் சேர்ப்பது அவன் வேலை. அதனால் வந்த பெயர். மதுவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் கண்காணிப்பாளர் ஒருநாள் வீட்டுக்குப் போன் போட்டு, “பாட்டில் எழுந்தாச்சா, இல்ல இன்னும் கவுந்துதான் கிடக்குதா?” என்று கேட்க, அதை எடுத்துப் பேசிய வீட்டுக்காரர், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இரண்டு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். அவன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனான். தைரியம் அவனிடம் இல்லாமல் இல்லை. எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அது வரும். படுக்கையில் அவன் பேசாத பேச்சில்லை.

இப்படிப்பட்டவனை நம்பி ஒரு அக்கா இருந்தாள்.

அக்கா வீடு, பழைய முலாம் ஆலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் தெருவில். இரும்புச் சாமான்களுக்குப் பளபளவென்று முலாம் பூசிய ஆலை அது. நஷ்டம் என்று மூடிவிட்டார்கள். மூடும்போது இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கூரைத் தகட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பின்பக்கம் இருந்த கழிவுக் குழியை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டுப் போனார்கள். குழி இருப்பது மேட்டில், அக்காவின் தெரு சரிவில், ஆறு பள்ளத்தில். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ள ஒரு வாரியம் தேவையில்லை.

“டேய் தம்பி, கிணத்துத் தண்ணி மஞ்சளா வருதுடா,” என்றாள் அக்கா ஒருநாள். “வாளியில ஊத்தினா நுரைக்குது. வாயில வச்சா காசை நக்கின மாதிரி இருக்கு. புள்ளைக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கறேன். தெருவுல எல்லாரும் உன்கிட்டதான் கேக்கச் சொல்றாங்க. குடிக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லு.”

ஒரு வார்த்தைதான். ஆனால் வாரியத்தின் விதிப்படி, அறிக்கை வருவதற்கு முன் எந்த அலுவலரும் ஒரு தண்ணீரைப் பற்றி நல்லது கெட்டது பேசக் கூடாது. அறிக்கை வந்த பிறகு அறிக்கையே பேசிவிடும், அலுவலர் பேசத் தேவையில்லை.

“அறிக்கை வரட்டும்க்கா,” என்றான் பாட்டில். அக்கா நீட்டிய டீயை வயிறு சரியில்லை என்று தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்த தன் சொந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தான். குடிக்கும்போது அவனுக்கே அவன்மேல் பெரிய மரியாதை இல்லைதான். ஆனால் தாகமாக இருந்தது.

அன்று ராத்திரி படுக்கையில் வீரம் வந்து, அந்தத் தெருத் தண்ணீரில் மாசு இருக்கலாம் என்று மறுநாள் காலையில் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினான். அதைப் பற்றி வாரியம் கூடியது. கூட்டத்தின் பெரும்பகுதி ‘மாசு’ என்ற சொல்லிலேயே போயிற்று. நிரூபிக்காமல் மாசு என்று எழுதுவது தண்ணீருக்கு அவமானம் என்றார் சட்ட ஆலோசகர். கடைசியில் ‘கூடுதல் தன்மை’ என்று எழுதுவதாக முடிவாயிற்று. பிறகு தலைவர் பேசினார்.

“நாம பாட்டுக்கு நீரைக் குறை சொல்லிடறோம். நீர்ங்கிறது நம்மளைத் திருப்பிக் கேக்க முடியாத ஒரு ஜீவன். அதைப் பத்திப் பேசும்போது நிதானம் வேணும். அடுத்தது, ஆலையை மூடியாச்சு. மூடின ஆலை எப்படி அசுத்தம் பண்ணும்? ஓடுன காலத்துலயே அது மேல நாம ஒரு நடவடிக்கையும் எடுக்கல. இப்ப எடுத்தா, அப்ப ஏன் எடுக்கலன்னு ஒரு கேள்வி வருமா, வராதா?”

வரும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கேள்வி வராதபடி முழுமையான, வெளிப்படையான, விஞ்ஞான முறையிலான ஓர் ஆய்வை நடத்தத் தீர்மானம் நிறைவேறியது. ஆலை வளாகத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டு, அதில் ஊறும் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

எங்கே போடுவது? வரைபடத்தில் கழிவுக் குழிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தான் பாட்டில். கண்காணிப்பாளர் நேரில் வந்து பார்த்தார். சேறு, முட்செடி, மூக்கைத் துளைக்கும் நாற்றம்.

“இங்க தலைவர் கார் வருமாய்யா?”

“வராது சார்.”

“கார் வராத எடத்துல எப்படிய்யா விஞ்ஞானம் பண்றது?”

கார் வருகிற இடம், அதிலே நிழல் இருக்கிற இடம், அதிலேயும் படம் எடுத்தால் பின்னால் இடிந்த சுவர் விழாத இடம் என்று கழித்துக் கழித்துப் பார்த்ததில், முன்வாசல் பக்கம் ஒரு மரத்தடி தேறியது. வளாகத்துக்குள் குழியை விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, அதுவும் குழியைவிட மேடான பக்கம். கழிவு அங்கே வர வேண்டுமென்றால் மூச்சு வாங்க மேடு ஏறித்தான் வர வேண்டும். பாட்டில் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். “நிழல் அருமையா இருக்கு சார்” என்று அவன் சொன்னதாகக் கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு ஞாபகமில்லை. சொல்லியிருப்பான்.

துளை போடும் நாள் வந்தது. கூடாரம், நாற்காலிகள், ஒலிபெருக்கி, நீல நிற ரிப்பன். துளை போடும் மேஸ்திரி இயந்திரத்தை ஓடவிட்டார். கொஞ்ச தூரம் இறங்கி நின்றுவிட்டது.

“அடியில கல்லு. தண்ணி ஊத்தினாத்தான் இறங்கும்,” என்றார் மேஸ்திரி.

நகராட்சித் தண்ணீர் லாரி ஒன்று வந்தது. குழாய்த் தண்ணீரை லாரி லாரியாகத் துளைக்குள் ஊற்றினார்கள். துளை போடுகிற எல்லா இடத்திலும் நடப்பதுதான் இது. ஊற்றிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியே தள்ளிவிட்டு, சில நாள் பொறுத்து, பூமியின் சொந்தத் தண்ணீர் ஊறிய பிறகு மாதிரி எடுக்க வேண்டும். வாரியத்தின் கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கே தலைவர் வந்து உட்கார்ந்துவிட்டார். துளையில் விளிம்பு வரை லாரித் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

“ஆகா, என்ன ஊத்து,” என்றார் தலைவர்.

“சார், இது இன்னும் ஊறல,” என்று பாட்டில் கண்காணிப்பாளரின் காதோரம் முணுமுணுத்தான். “சில நாள் விட்டு எடுக்கணும்.”

“தலைவருக்குச் சாயங்காலம் வேற கூட்டம் இருக்கு. பூமிகிட்ட சொல்லு, கொஞ்சம் சுருக்கா ஊறச் சொல்லி.”

பாட்டில் பூமியிடம் எதுவும் சொல்லவில்லை. குனிந்து, கயிற்றில் கட்டிய குவளையை இறக்கி, தண்ணீரை மொண்டு, பாட்டிலில் நிரப்பி, தலைவர் ஒரு கை பிடிக்க, தான் ஒரு கை பிடிக்க, கேமராவைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான். நன்றாகவே சிரித்தான் என்பதுதான் பின்னால் அவனுக்கு உறுத்தியது.

சோதனை முடிவு வந்தபோது ஆய்வகத்து அம்மாவே கீழே இறங்கி வந்துவிட்டார். “தண்ணி ரொம்ப சுத்தம். ஆனா இதுல குளோரின் இருக்கு. குழாய்த் தண்ணியான்னு மேலிடத்துல கேட்டேன். ‘நிலத்தடி’ன்னு லேபிள் ஒட்டியிருக்கே, அப்புறம் என்ன கேள்வின்னாங்க. லேபிள் என்ன சொல்லுதோ அதான் தண்ணி. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டு, மனப்பாரத்தை அவன் மேசையில் இறக்கி வைத்தவராக மாடிக்குப் போய்விட்டார்.

வேறு ஊராக இருந்தால் குளோரின் என்றதும் யாராவது ஒருவருக்கு லாரி ஞாபகம் வந்திருக்கும். வாரியத்தில் தலைவருக்கு ஞானோதயம் வந்தது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்.

“நாம மேல இயந்திரம் வச்சு, ஆள் வச்சு, குளோரின் கலக்கறோம். பூமி அதை அடியில தானாவே பண்ணுது. கரண்ட் கேக்கல, சம்பளம் கேக்கல, லீவு கேக்கல. இத்தனை வருஷமா நாங்க ஏன் எதுவும் செய்யலன்னு சிலர் கேட்டாங்க. இயற்கை வேலை செய்யும்போது குறுக்க போகக் கூடாதுன்னுதான் செய்யல. தண்ணி லேசா மஞ்சளா இருந்தா ஜனங்க பயப்பட வேண்டாம். அது அந்தக் குளோரினோட நிறம்.”

அன்று பாட்டில் ஒரு முடிவோடு தலைவர் அறைக்குப் போனான். சொல்ல வேண்டியதை மாடிப்படியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். உள்ளே போனதும் தலைவர், “வாங்க, உக்காருங்க,” என்றார். அத்தனை வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி மெத்தென்று இருந்தது. வந்த வீரம் அந்த மெத்தைக்குள்ளேயே அமுங்கிவிட்டது.

“படத்துல உங்க கை எவ்வளவு அழகா விழுந்திருக்கு தெரியுமா? அதையே போஸ்டராப் போடச் சொல்லிட்டேன்.”

“ரொம்ப நன்றி சார்,” என்றான் பாட்டில். வெளியே வந்து படியிறங்கும்போதுதான், தான் வந்த காரியம் நன்றி சொல்வதல்ல என்று அவனுக்கு உறைத்தது.

தெரு முனையில் போஸ்டர் ஒட்டினார்கள். ‘தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் நீர்’ என்று தலைப்பு. அதன் கீழே தலைவர், அவன், பாட்டில். அக்கா போன் பண்ணினாள். குரலில் பூரிப்பு தாங்கவில்லை.

“டேய், தெருவே உன்னப் பத்திதான் பேசுது. ‘உன் தம்பியே கையில புடிச்சுக்கிட்டு நிக்கறான், இனிமே என்ன பயம்’னு எல்லாரும் கிணத்துக்குத் திரும்பிட்டாங்க.”

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். மறுநாள் முதல் தன் செலவில் கேன் தண்ணீர் வாங்கி வண்டியில் வைத்து, அக்கா வீட்டு வாசலில் இறக்கினான். “ஆபீஸ்ல சும்மா குடுக்கறாங்க,” என்றான். தெருவுக்கு எது நடந்தாலும் அக்காவும் அக்கா மகளும் பிழைத்தார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, போஸ்டரைப் பார்க்காமல் தெரு முனையைக் கடந்து போவான். ஒரே ஒரு தடவை நின்று பார்த்தான். படத்தில் கை நன்றாகத்தான் விழுந்திருந்தது.

இதற்குள் வாரியம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. இவ்வளவு ஒத்துழைத்த நிலத்தடி நீருக்கு நற்சான்றிதழ் கொடுத்துப் பாராட்ட வேண்டாமா? அக்கா தெருவிலேயே விழா வைப்பதாகத் தீர்மானித்தார்கள். சான்றிதழை நீரின் சார்பில் யார் வாங்கிக்கொள்வது என்று துணைக்குழு ஒன்று ஆராய்ந்தது. நீரோடு நெருங்கிப் பழகியவர் என்ற முறையில் பாட்டிலின் பெயர் ஒருமனதாகத் தேர்வாயிற்று. நிலத்தடி நீரின் சார்பில் ஏற்புரையும் அவனே நிகழ்த்த வேண்டும்.

விழா நாள் காலையில் வழக்கம்போலக் கேனோடு அக்கா வீட்டுக்குப் போனான். சமையலறையில் கேன்கள் வரிசையாக, மூடிகூடத் திறக்காமல் அடுக்கியிருந்தன. அக்கா ஒன்றைத் திறந்து அவனுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் அக்கா மகள் சீருடையோடு நின்று தன் டம்ளரை வாயில் வைத்திருந்தாள். அதில் இருந்தது மஞ்சளாகத் தெரிந்தது.

“அவ என்ன தண்ணி குடிக்கறா?”

“கிணத்துத் தண்ணிதான்.”

“நான்தான் கேன் கொண்டு வந்து போடறேனே அக்கா.”

“கேன் தண்ணி என்னைக்கு அடைச்சதோ. அதை வர்றவங்க போறவங்களுக்கு வச்சிருக்கேன்,” என்றாள் அக்கா. “நல்ல தண்ணியைப் புள்ளைக்குத் தராம யாருக்குத் தர்றது? குளோரின் எல்லாம் இருக்காமே. ரெண்டு வாரமா வயித்துவலிங்கறா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான். நான் இன்னும் ரெண்டு டம்ளர் சேத்துக் குடிக்க வைக்கறேன்.”

பாட்டில் கை தவறியதுபோலப் பிள்ளையின் டம்ளரைத் தட்டிவிட்டான். அக்கா துடைத்துவிட்டு மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். மறுபடியும் தட்டிவிட்டான்.

“என்னடா, மேடைன்னா இவ்வளவு நடுக்கமா?” என்று சிரித்துக்கொண்டே மறுபடி நிரப்பினாள்.

மூன்றாவது தடவை அவன் அதைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கித் தானே குடித்துவிட்டான். ஒரு வார்த்தை சொல்வதைவிட ஒரு டம்ளர் குடிப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. காசை நக்கியதுபோலத்தான் இருந்தது.

“மாமா என் தண்ணியக் குடிச்சிட்டாரு,” என்றாள் பிள்ளை.

“பாத்தியா, மாமாவே ஆசையாக் குடிக்கறாரு. நீ என்னமோ நல்லால்லன்னு சொல்றே,” என்று சொல்லிக்கொண்டே அக்கா இன்னொரு டம்ளர் ஊற்றினாள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியும், “எங்க வீட்டுப் பசங்களுக்கும் இதைச் சொல்லணும்,” என்று நகர்ந்தாள். ஒலிபெருக்கி அவன் பெயரைக் கூப்பிட்டது.

மேடையில் தலைவர் நிலத்தடி நீரின் பொறுமையைப் பற்றிப் பேசினார். தட்டி எழுப்பாதவரை அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்றும், வாரிய ஊழியர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைப் பாட்டிலின் கையில் கொடுத்தார்கள். மைக் அவன் உயரத்துக்கு இறங்கியது. எதிரே நாற்காலியில் அக்கா, மடியில் பிள்ளை.

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டான். வாயைத் திறந்தான். வாரியத்தில் உழன்ற நாக்கு, அதற்குத் தெரிந்ததைத்தான் பேசியது.

“மேற்படி மாதிரியானது உரிய கால அவகாசமின்றிச் சேகரிக்கப்பட்டமையால், அதன் பிரதிநிதித்துவத் தன்மை குறித்து ஐயம் கொள்ள இடமுள்ளது என்பதையும், மேற்படி நீரானது நுகர்வுக்கு உகந்ததெனக் கொள்ள இயலாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவரும் தட்டினார். அக்கா எழுந்து நின்று தட்டினாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மைக்கு இப்படிக் கைதட்டல் கிடைக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, அந்தத் தண்ணியக் குடிக்காதே. புள்ளைக்குக் குடுக்காதே. யாரும் குடிக்காதீங்க. அன்னைக்கு நான் புடிச்சது லாரித் தண்ணி. துளைக்குள்ள நாங்களே ஊத்தின தண்ணி. தெரிஞ்சேதான் புடிச்சேன்.”

கைதட்டல் அங்கங்கே தேய்ந்து நின்றது. தலைவர் நிதானமாக எழுந்து வந்து, அவன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பாராட்டு வாங்கறவங்க தன்னடக்கமாப் பேசறதுதான் பண்பு. எனக்கு அப்படி ஒரு தகுதியும் இல்லன்னு பெரியவங்க சொல்வாங்க இல்லையா, அதே மாதிரி நிலத்தடி நீரும் தன்னைக் குறைச்சு, நான் லாரித் தண்ணிதான்னு சொல்லுது. இந்தப் பணிவு நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு?”

முன்வரிசையில் இருந்த வாரியத்துக்காரர்கள் மறுபடி தட்டினார்கள். தெருக்காரர்கள் தட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி நாற்காலியைத் தள்ளிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

பாட்டில் மேடையிலிருந்து குதித்து அக்காவிடம் வந்தான். கட்டிப்பிடித்து அழுவாள், அல்லது அறைவாள் என்று நினைத்தான். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பிள்ளையின் வாயைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேடா,” என்றாள். “வீட்டுலதானே கேட்டேன். உன்கிட்டதானே கேட்டேன்.”

“வண்டில ஏறுக்கா. டாக்டர்கிட்ட போலாம்,” என்றான்.

மூன்று பேரும் வண்டியில் ஏறினார்கள். பின்னால் ஒலிபெருக்கி அவனைக் குழுப் படத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆலைச் சுவரோரமாகப் பாதித் தெரு போயிருப்பார்கள்.

“டாக்டர் கேப்பாருல்ல,” என்றாள் அக்கா பின்னாலிருந்து. “என்ன தண்ணி குடிச்சா, அதுல என்ன இருந்துச்சுன்னு கேப்பாரு. கேட்டாத்தானே மருந்து குடுக்க முடியும். அதுல என்னடா இருக்கு?”

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். யோசித்துப் பார்த்தான். கூட்டம் போட்டார்கள், துளை போட்டார்கள், சோதித்தார்கள், அறிக்கை வந்தது, விழாவும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தெருவின் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட இதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

“தெரியாதுக்கா,” என்றான். “யாரும் பாக்கல. நானும் பாக்கல.”

பிள்ளை அவன் முதுகில் தலையைச் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப வண்டியைத் திருப்பு,” என்றாள் அக்கா. “கிணத்துலேருந்து கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போவோம். அவராவது பாக்கட்டும்.”

அவன் வண்டியைத் திருப்பினான்.